எம்டி முடிக்கப் போகிறேன்: ஹீமோபிலியா ஆராய்ச்சிக்கு டிஎம் முதலிலா, பிஎச்டி முதலிலா?

நிலா_மதுரை
பொது மருத்துவம் எம்டி கடைசி வருடம். என் தம்பிக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தத்தை உறையவைக்கும் பேக்டர் 8 என்ற புரதம் இல்லாத பரம்பரை நோய். சின்ன வயதில் வலது முட்டிக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்ததில், இப்போது முழுதாக மடங்காது. அந்தப் புரதத்தை ஏற்றும் பேக்டர் ஊசியை அவனுக்குப் போடப் பழகிய நாளில்தான் டாக்டராக வேண்டும் என்று தோன்றியது.

2024 டிசம்பரில் வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஹீமோபிலியா ஏ-வுக்குச் செய்த ஜீன் சிகிச்சையின் முடிவு வெளிவந்தபோது, ராத்திரி டியூட்டியில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். ஐந்து பேருக்குச் செய்திருக்கிறார்கள். அதன்பிறகு ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. எனக்கு அந்த வேலைதான் வேண்டும். வார்டும் வேண்டும், லேபும் வேண்டும். ஆனால் எம்டிக்கு மேல் ரத்தவியலில் சிறப்புப் படிப்பான டிஎம் மூன்று வருடம், பிஎச்டி நாலைந்து வருடம். வயது 29. "லேபுக்குப் போனால் கை மறந்துவிடும்" என்கிறார் யூனிட் சீஃப். எதை முதலில் எடுப்பது?

ரத்தவியல்_டாக்டர்
டிஎம் முதலில், தங்கச்சி. நானும் அப்படித்தான் வந்தேன். வேலூர் வேலையையே பாருங்கள். வெளிநாட்டில் வந்த ஜீன் மருந்து ஜீனைச் சுமந்து செல்லும் ஏஏவி என்ற வைரஸ் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. அந்த வைரஸுக்கு ஏற்கெனவே ஆன்டிபாடி இருப்பவர்களுக்குப் பலிக்காது, நம் ஊரில் அப்படி ஏராளமானோர். அதனால் நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லையே (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) எடுத்து, லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸ் மூலம் பேக்டர் 8 ஜீனை ஏற்றி, கீமோவால் மஜ்ஜையில் இடம் உண்டாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கீமோவுக்குப் பிறகு அணுக்கள் சரிந்து கிடக்கும் நாட்களில் நோயாளியைக் காப்பாற்ற மஜ்ஜை மாற்று சிகிச்சையில் பழகிய கை வேண்டும். அங்கே 1986 முதல் பழகிய கை அது.

அப்புறம், நேரம். டிஎம் முடித்து நான் சேர்ந்த இடத்தில் ஆராய்ச்சிக்கு வாரம் இரண்டு நாள் என்றார்கள். மூன்றாவது மாதமே இரண்டும் ஓபிக்குப் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக பிளாஸ்மா சாம்பிளோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடம் போயே போய்விட்டது. சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவர்களுக்கென்றே தரும் ஃபெலோஷிப்பையும் பாருங்கள்.

கரூர்_அம்மா
என் மகனுக்கு 14 வயது. ஆராய்ச்சிக்கென்று இரண்டு தடவை ரத்தம் கொடுத்தான். என்ன தெரிந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. "என் ரத்தம் உதவுச்சாம்மா?" என்று கேட்கிறான். நீங்கள் ஆராய்ச்சி செய்தால் திரும்பி வந்து சொல்லுங்கள் டாக்டரம்மா.

நிலா_மதுரை
கட்டாயம் சொல்வேன் அக்கா. அண்ணா, டிஎம் நுழைவுத் தேர்வுக்கே படிக்கிறேன். அம்மா எழுதிவைத்த பேக்டர் நோட்டை நேற்று எடுத்தேன். தம்பியும், இதே நோய் உள்ள சித்தி பையனும் ஒரே எடை, ஒரே டோஸ். சித்தி பையனுக்கு மூன்று நாள் தாங்கியது தம்பிக்கு ஒன்றரை நாள்கூடத் தாங்கவில்லை. ஏன்?

ரத்தவியல்_டாக்டர்
இருவரின் ரத்த குரூப் என்ன? ஓ குரூப்பில், பேக்டர் 8-ஐ ரத்தத்தில் கரையாமல் காக்கும் வான் வில்லிபிராண்ட் பேக்டர் என்ற புரதம் குறைவு, அதனால் பேக்டர் 8 சீக்கிரம் கரையும். அது ஒரு பங்குதான். மீதிக் காரணத்தை நீங்கள் தேட அந்த நோட்டை பத்திரமாக வையுங்கள்.