கமாண்டர் ஆட்டத்தில் 'மேட்சப்': இணைமோதல் போதாது, மேசைப்பொருத்தம் வேண்டும்

> மேட்சப் = இணைமோதல். நாலு பேர் ஆடினாலும் கடைசியில் ஒருவரை ஒருவர்தானே அடிக்கிறார்கள்? இதுவே போதும்.

அண்ணா, நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'மேட்சப்'புக்கு, அதாவது ஒரு சீட்டுக்கட்டு இன்னொன்றுக்கு எதிரே எப்படி எடுபடும் என்பதற்கு, மேலே இப்படிப் போட்டிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தை இருவர் ஆடினால் இணைமோதல் நல்ல சொல், அதில் தகராறே இல்லை. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, குறைந்தது 60 சீட்டு உள்ள கட்டு, எதிரே ஒரே ஆள். எந்தக் கட்டு எதை வெல்லும் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம். ஆனால் நம் பட்டியல் அதே ஆட்டத்தின் கமாண்டர் என்ற வகைக்கானது. அங்கே வழக்கமாக நான்கு பேர், ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி, கட்டில் 100 சீட்டு, அடிப்படை நிலச்சீட்டைத் தவிர எதற்கும் இரண்டாவது பிரதி கிடையாது.

முதலில் பாய்ச்சல் கட்டு, அதாவது வேகமாக அடித்து முடிக்கப் பார்க்கும் கட்டு. இருவர் ஆட்டத்தில் அதற்கு 20 புள்ளி அடித்தால் வேலை முடிந்தது. இங்கே மூன்று பேரையும் சேர்த்தால் 120. ஒரே தலைவன் சீட்டிடம் (கட்டுக்குத் தலைமை தாங்கும் கமாண்டர் சீட்டு) மோதலில் 21 புள்ளி அடி வாங்கியவர் வெளியே போகவேண்டும் என்ற விதி கொஞ்சம் கைகொடுக்கும், ஆனாலும் அந்த 21-ஐ மூன்று தடவை அடித்தாக வேண்டும். ஒருவரை மளமளவென்று வீழ்த்திவிட்டுத் திரும்பினால் நம் கை காலி, மற்ற இருவர் கையிலும் சீட்டு வழிகிறது. யாருக்கு எதிராக இந்தக் கட்டு பலம், யாருக்கு எதிராகப் பலவீனம்? வீழ்ந்தவருக்கு எதிராகப் பலம்தான், ஆனால் அதனால் ஆட்டம் கைக்கு வந்துவிடவில்லையே.

மற்றவர் போடுவதை முறித்தே ஓட்டும் தடுப்புக் கட்டுக்கு வேறு தலைவலி. ஒருவர் இறக்கும் மந்திரத்தைக் கவுன்ட்டர்ஸ்பெல் என்ற சீட்டைப் போட்டு முறிக்கிறேன். எனக்கு ஒரு சீட்டு போச்சு, அவருக்கும் ஒன்று போச்சு, மற்ற இருவருக்கும் செலவில்லாமல் லாபம். அதனால்தான் இங்கே ஒன்றுக்கு ஒன்று முறிப்பதைவிட, நான்கு மானாவில் (சீட்டு இறக்கக் கட்டும் சக்தி) எல்லா உயிரினங்களையும் ஒரேயடியாக அழிக்கும் ராத் ஆஃப் காட் மாதிரிச் சீட்டுகளுக்கு மதிப்பு.

எனக்குப் பிடித்த சாட்சி ரிஸ்டிக் ஸ்டடி என்ற சீட்டு. 2000-இல் ப்ராஃபசி தொகுதியில் சாதாரண வகைச் சீட்டாக வந்தது. எதிராளி மந்திரம் போடும்போதெல்லாம், அவர் கூடுதலாக ஒரு மானா கட்டாவிட்டால் நான் ஒரு சீட்டு எடுக்கலாம். எதிரே ஒருவர்தான் என்றால் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிவிடுவார். மூன்று பேர் இருந்தால் ஒருவர் அவசரப்படுவார், ஒருவர் மறந்துவிடுவார், மூன்றாமவர் "எடுத்துக்கோ போ" என்று அலுத்துக்கொள்வார். "ஒண்ணு கட்டுறியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு எல்லோர் உயிரையும் வாங்குகிற சீட்டு இது. இதன் பலம் எந்த ஒரு கட்டோடும் சோடி சேர்த்துப் பார்த்தால் தெரியாது, மேசை முழுவதையும் பார்த்தால்தான் தெரியும்.

தாசாஸ் ஆரக்கிள், டெமோனிக் கன்சல்டேஷன் என்ற இரண்டு சீட்டும் சேர்ந்த சேர்மானம் இதற்கு நேர் எதிர். மொத்தம் மூன்றே மானா, நினைத்தபடி நடந்துவிட்டால் எதிரே எத்தனை பேர், எவ்வளவு உயிர்ப்புள்ளி என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை, ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆனால் முறிக்கும் சீட்டை ஒருவர் கையில் அல்ல, மூன்று பேர் கையில் எதிர்பார்க்கவேண்டும்.

1999-இல் மேஜிக் எழுத்தாளர் மைக் ஃப்ளோரஸ் ஒரு கட்டுரை எழுதினார்: ஒரே மாதிரியான இரண்டு கட்டுகள் மோதினாலும் ஒன்று அடிப்பது, மற்றது தாங்குவது, தன் வேலை எது என்று தவறாக எடுத்துக்கொண்டவர் தோற்பார் என்று. இருவர் ஆட்டத்துக்கு அது இன்றும் வேதவாக்கு. நாலு பேர் மேசையில் நான் இடது பக்கத்தவரை அடிப்பவன், வலது பக்கத்தவரிடம் தாங்குபவன், எதிரே இருப்பவரோடு அடுத்த சுற்று வரைக்கும் கூட்டாளி.

எனவே என் பரிந்துரை: இருவர் ஆட்டத்துக்கு இணைமோதல் இருக்கட்டும், நாலு பேர் ஆட்டத்துக்கு மேசைப்பொருத்தம். முதலில் களப்பொருத்தம் என்றுதான் யோசித்தேன், ஆனால் களம் என்பதைச் சீட்டு இறக்கும் இடத்துக்குக் கொடுத்துவிட்டோம், குழப்பும். அவைப்பொருத்தம் என்று தங்கச்சி சொன்னது காதுக்கு இனிமை, ஆனால் கவியரங்கம் நடப்பது போல இருக்கிறது. பொருத்தம் என்றாலே ஜாதக வாடை அடிக்கிறது என்று ஐயா எழுதியிருந்தார். அடிக்கட்டுமே! "இந்த மேசையில் உன் கட்டுக்குப் பொருத்தம் எப்படி?" என்று கேட்டால் புதிதாக வருபவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. "பொருத்தம் சரியில்லை" என்பதும் வாயில் தயாராக இருக்கிறது. இணைமோதலை வைத்து அப்படிச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

அந்த நான்கு பேர் கூட்டத்துக்கு ஜமா என்றே போடலாம். சீட்டாடுபவர்கள் ஏற்கெனவே சொல்வதுதான், தூய தமிழ்க்காரர்கள் திட்டினால் திட்டட்டும். தான் வெல்ல வழியில்லாத ஒருவர் போகிற போக்கில் வேறொருவரை ஜெயிக்க வைப்பதற்கு முடிசூட்டல். இதற்கு எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன்.

மேசையில் இப்போது யார் ஆபத்தானவர் என்று எடைபோடுவதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. அச்சுறுத்தல் மதிப்பீடு என்றால் காவல்துறைச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. ஆடும்போது நாங்கள் "இப்ப யாரு பெரிய கை?" என்றுதான் கேட்போம். அதிலிருந்து பெரியகை கணிப்பு என்று எடுக்கலாமா, இல்லை ரொம்பக் கொச்சையாகிவிடுமா? அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.