10 லட்சத்துக்கு ஒரே பாலிசியா, 5 லட்சம் + சூப்பர் டாப்-அப்பா? காசுக்கு ஏத்த பலன் எதுல?

#1 வரவுசெலவு

விவாதத்துக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். 35 வயதில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. அலுவலகத்தில் 5 லட்சம் ரூபாய்க்குக் குழுக் காப்பீடு இருக்கிறது. சொந்தமாகவும் ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறார்கள். எந்த ஏஜென்டைக் கேட்டாலும் 10 லட்சம், 15 லட்சம் என்று ஒரே பெரிய பாலிசியைத்தான் தலையில் கட்டுகிறார்.

என் கட்சி வேறு. 5 லட்சத்துக்கு ஒரு பேஸ் பாலிசி, அதன்மேல் 5 லட்சம் டிடக்டிபிள் வைத்து 20 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப். அதாவது முதல் 5 லட்சம் வரை டாப்-அப் கம்பெனி காசு கொடுக்க வேண்டியதில்லை. சின்னச் சின்ன க்ளெய்ம் எதுவும் அவர்கள் மேசைக்கு வராது. பிரீமியம் மலிவாக இருப்பது அதனால்தான், மறைமுக வெட்டு எதுவும் இல்லை.

வெறும் ‘டாப்-அப்’ வாங்கிவிடாதீர்கள். அதில் டிடக்டிபிள் ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனி. ஒரே வருடத்தில் இரண்டு முறை அட்மிட் ஆகி, இரண்டும் 4 லட்சம் என்றால் டாப்-அப்பில் ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் வருட மொத்தத்தைப் பார்க்கும்: 8 லட்சத்தில் 5 போக 3 லட்சம் தரும்.

#2 பில்கவுன்டர்

வரவுசெலவு சார், பேப்பர்ல கணக்கு சரிதான். டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லிங் கவுன்டர்ல அது வேற மாதிரி நடக்கும். ரெண்டு பாலிசின்னா ரெண்டு கம்பெனி, ரெண்டு டிபிஏ (கம்பெனி சார்பா க்ளெய்மைப் பரிசீலிக்கிற ஏஜென்சி), ரெண்டு விதமான கண்டிஷன். முதல் கம்பெனி கேஷ்லெஸ் கொடுத்துடும், அதாவது ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டிடும். ரெண்டாவது அநேகமா கையிலிருந்து கட்டிட்டு அப்புறம் பில் போட்டு வாங்கறதுதான். 8 லட்சம் பில்லுன்னா 3 லட்சத்தை அன்னிக்கு யார் புரட்டுவா?

இன்னொண்ணு, தேதி. பேஸ் பாலிசி ஏப்ரல்ல புதுப்பிக்கிறது, சூப்பர் டாப்-அப் அக்டோபர்ல எடுத்ததுன்னு வைங்க. ஆகஸ்ட்ல 4 லட்சம், நவம்பர்ல 4 லட்சம். பேஸுக்கு ரெண்டும் ஒரே வருஷம், அதனால 5 கொடுத்துட்டு கை விரிச்சுடும். சூப்பர் டாப்-அப்புக்கு ஆகஸ்ட் பழைய வருஷம், நவம்பர் புது வருஷம். ரெண்டு வருஷத்துலயும் 5 லட்சத்தைத் தாண்டல. பதில்: பூஜ்யம். 3 லட்சம் சொந்தக் காசு. நீங்க உதாரணம் சொன்ன அதே 4+4 தான் சார் இது.

#3 வரவுசெலவு

தேதிப் பிரச்சினைக்கு மருந்து உண்டு. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் முடிந்தது. ஏற்கெனவே பேஸ் வைத்திருப்பவர் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருந்து அன்றைக்கே சூப்பர் டாப்-அப் எடுக்கட்டும். இரண்டையும் ஒரே கம்பெனியில் எடுத்தால் கேஷ்லெஸ் சிக்கலும் பாதி தீரும்.

#4 எச்ஆர்_மேசை

ரெண்டு பேரும் அலுவலகப் பாலிசியை மறந்துட்டீங்க. குழுக் காப்பீட்டுல பெரும்பாலும் காத்திருப்புக் காலமே கிடையாது. இருக்கிற வியாதி முதல் நாளே கவர், பிரசவம் கவர், சில இடத்துல அப்பா அம்மாவும் கவர். கீழ்த்தட்டு 5 லட்சம் அங்கேயே இருக்கும்போது இன்னொரு பேஸுக்கு ஏன் காசு? சூப்பர் டாப்-அப் மட்டும் எடுத்தாப் போதும். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல, முன்னாடி 18 சதவீதம் இருந்தது. குறைஞ்ச காசுல நிறைஞ்ச கவர் இதுதான்.

#5 பில்கவுன்டர்

வேலை போனா?

#6 ஷரத்து

தோழர் பில்கவுன்டர் ஒரு வரியில் கேட்டதை விரித்துச் சொல்கிறேன். வேலையை விட்ட அன்றோ மாதக் கடைசியிலோ குழுக் காப்பீடு நின்றுவிடும். சூப்பர் டாப்-அப் கையில் இருக்கும், ஆனால் கீழே 5 லட்சத்துக்குப் பள்ளம். அந்த நேரத்தில் புதிதாகப் பேஸ் பாலிசிக்குப் போனால், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கவர் இல்லை. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற பட்டியல் நோய்களுக்குப் பொதுவாக 2 வருடம். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு அதிகபட்சம் 36 மாதம். 2024-க்கு முன்பு இது 48 மாதமாக இருந்தது.

வேலையை விடும்போது குழுப் பாலிசி போட்ட அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். குழுவில் கழித்த காலம் கணக்கில் வரும். ஆனால் கடைசி நாளுக்கு முன்பே எச்ஆர் வழியாகக் கேட்க வேண்டும், கம்பெனி உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். 45 வயதில் சர்க்கரையோடு நிற்பவருக்கு அது உறுதியான வழி அல்ல. சொந்தப் பேஸ் பாலிசியை இளமையிலேயே எடுப்பது காத்திருப்புக் காலத்தை ஆரோக்கியமாக இருக்கும்போதே கழித்து முடிப்பதற்காகத்தான்.

#7 எச்ஆர்_மேசை

சரி, சொந்த பேஸ் இருக்கட்டும். ஆனா சின்ன க்ளெய்மை அலுவலகப் பாலிசியில போடுங்க. ரெண்டு பாலிசி இருந்தா எதுல முதல்ல க்ளெய்ம் போடறதுங்கறது நம்ம இஷ்டம், கம்பெனி தீர்மானிக்க முடியாது. டெங்குக்கு 40,000 ஆனா குழுவுல போட்டுடுங்க, சொந்தப் பாலிசியோட நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாத வருஷத்துக்குக் கிடைக்கிற சலுகை) அப்படியே வளரும். இதையாவது ஒத்துக்கங்க.

#8 வரவுசெலவு

இது நூற்றுக்கு நூறு.

#9 பில்கவுன்டர்

போனஸ், டாப்-அப் எல்லாம் அப்புறம். காசு எங்க ஒழுகுதுன்னு ஒரு பில்லை வச்சுக் காட்டறேன். 5 லட்சம் பாலிசி, ரூம் ரெண்ட் வரம்பு அதுல 1 சதவீதம், அதாவது நாளைக்கு 5,000. நோயாளி எடுத்த ரூம் 10,000. அஞ்சு நாள்.

ரூம் வாடகை 50,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் சேர்ந்து 1,20,000. மருந்து, இம்பிளான்ட் (உடம்புக்குள்ள வைக்கிற கருவி), ஸ்கேன், லேப் 80,000. மொத்தம் 2,50,000.

ரூம்ல 25,000 மட்டும் தருவான்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த வரி. தகுதியான ரூமுக்கும் எடுத்த ரூமுக்கும் என்ன விகிதமோ அதே விகிதத்துல டாக்டர் ஃபீஸும் தியேட்டரும் வெட்டு: 1,20,000 போய் 60,000. அப்புறம் 80,000-ல கையுறை, மாஸ்க், டயப்பர்னு தராத ஐட்டம் ஒரு 6,000 கழியும். கையில வர்றது 1,59,000. சொந்தக் காசு 91,000. ரெண்டரை லட்சம் பில்லுக்கு அஞ்சு லட்சம் பாலிசி வச்சிருந்தும்!

இன்னொரு கண்ணி: பல பாலிசியில ‘ரூம் ரெண்ட்’னா நர்சிங் சார்ஜும் சேர்த்துத்தான். 4,500 ரூம்தானேன்னு போவாங்க, நர்சிங் 1,200 சேர்ந்து 5,700 ஆகி வரம்பைத் தாண்டிடும். அட்மிஷன் டெஸ்க்ல ‘நர்சிங் சேர்த்து நாளைக்கு எவ்வளவு’ன்னு கேக்கணும்.

அதனால ரூம் ரெண்ட் வரம்பே இல்லாத பாலிசி. அது பெரிய பாலிசிலதான் ஒழுங்கா கிடைக்கும்.

#10 ஷரத்து

கணக்கு சரி, முடிவு சரியில்லை. ரூம் வரம்பு இல்லாத 5 லட்சம் பாலிசிகளும் சந்தையில் இருக்கின்றன. தொகையின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஷரத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விகித வெட்டுக்கும் எல்லை உண்டு. 2020-ல் வந்த ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை ஆகியவற்றில் விகிதம் போட்டு வெட்டக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. ரூமுக்கு ஏற்றபடி டாக்டர் ஃபீஸை மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால் அந்த வெட்டே செல்லாது. எல்லா ரூமுக்கும் ஒரே கட்டணம் என்று ஆஸ்பத்திரியிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி அனுப்புங்கள். பல பேர் கேட்காமலே விட்டுவிடுகிற பணம் இது.

#11 தேனிக்காரன்

அண்ணே, அப்பா அம்மாவை அதே ஃப்ளோட்டர்ல (குடும்பத்துக்கே சேத்து எடுக்கிற பாலிசி) சேத்துரலாமா? ஒருத்தரும் அதைச் சொல்லலையே.

#12 வரவுசெலவு

வேண்டாம் தம்பி. ஃப்ளோட்டரின் பிரீமியம் வீட்டில் மூத்தவர் வயதை வைத்துத்தான். 64 வயதை உள்ளே இழுத்தால் 35 வயதுக்காரரும் அந்த விலையைச் சுமப்பார். பெற்றோருக்குத் தனிப் பாலிசி. பழைய வருமான வரிமுறையில் இருப்பவருக்கு (1961 சட்டத்தில் 80டி பிரிவு) தன் குடும்பத்துக்கு 25,000, 60 தாண்டிய பெற்றோருக்குத் தனியாக 50,000 வரை கழிவும் உண்டு. புது வரிமுறையில் கிடையாது. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினாலும் கிடையாது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வருடத்துக்கு 5 லட்சம் வரை. அதை வாங்காமல் தனியாரிடம் ஓடாதீர்கள்.

#13 பில்கவுன்டர்

பெரியவங்க பாலிசியில கோ-பே பாருங்க. 20 சதவீதம்னா 3 லட்சம் பில்லுல 60,000 உங்க பங்கு, ஒவ்வொரு தடவையும். பிரீமியம் கம்மின்னு அதுக்குள்ள விழாதீங்க. அறுபது தாண்டினவங்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா கம்பெனி முதல்ல ஐஆர்டிஏஐகிட்ட பேசணும்னு 2025 ஜனவரியில உத்தரவு வந்திருக்கு. அதுக்கு முன்னாடி ஏத்தினது ஏத்தினதுதான்!

#14 எச்ஆர்_மேசை

சுகர் இருக்கறதைச் சொன்னா பிரீமியம் ஏறும், சில கம்பெனி தரவே தராது. அஞ்சு வருஷம் கடந்தா எதுவும் கேக்க முடியாதுல்ல? அதுவரைக்கும் சொல்லாம ஓட்டிடலாம்னு நிறைய பேர் சொல்றாங்களே.

#15 ஷரத்து

அப்படிச் சொல்கிறவர்கள் விதியை முழுதாகப் படிக்கவில்லை. தொடர்ச்சியாக 60 மாதம் முடிந்தபின் மறைத்ததைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தக் கவசம் இல்லை.

அதோடு மாட்டிக்கொள்வது எப்படி என்று பாருங்கள். மூன்றாம் வருடம் நெஞ்சுவலி, அட்மிஷன். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘சர்க்கரை, 10 வருடமாக’ என்று ஒரு வரி எழுதுவார். டிபிஏ உள்நோயாளிப் பதிவை முழுதாகக் கேட்டு வாங்கும். பாலிசி வயது 3, வியாதி வயது 10. க்ளெய்மும் போகும், பாலிசியும் போகும். அந்தப் ‘10’ தோராயமாகச் சொன்னதாக இருந்தாலும் எழுத்தில் வந்துவிட்டது. தவறாக எழுதியிருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே முதல் பரிசோதனைத் தேதியோடு லேப் ரிப்போர்ட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள், பின்னால் திருத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏஜென்ட் நிரப்பும் ப்ரொபோசல் (விண்ணப்ப) படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் இருக்கும். பாலிசியோடு அதன் நகல் வரும். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அந்த நகலைப் படியுங்கள்.

#16 தேனிக்காரன்

உண்மையைச் சொல்லியும் க்ளெய்ம் தள்ளிட்டா?

#17 ஷரத்து

மறுப்பை எழுத்தில், எந்த ஷரத்தின்படி என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் க்ளெய்ம் மறுபரிசீலனைக் குழு ஒப்பாமல் மறுக்கக் கூடாது என்பது 2024 விதி. அடுத்து கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனியின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

#18 வரவுசெலவு

நம் கேள்விக்கு வருவோம். ஷரத்து சொன்னபடி ரூம் வரம்பு, கோ-பே இரண்டும் இல்லாத 5 லட்சம் பேஸ், அதே தேதியில் 20 லட்சம் சூப்பர் டாப்-அப். இதற்கு ஒரு கொட்டேஷன். அதே கம்பெனியில் 25 லட்சம் ஒரே பாலிசிக்கு இன்னொரு கொட்டேஷன். ஓபிடி (அட்மிட் ஆகாத சிகிச்சைச் செலவு), டெய்லி கேஷ் (அட்மிட் ஆன நாளுக்கு இவ்வளவு ரொக்கம்) மாதிரி அலங்காரங்களை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். கையுறை, சிரிஞ்சு மாதிரி சாமான்களுக்கான ஆட்-ஆன் மட்டும் இருக்கட்டும், அது காசுக்குத் தகும். வித்தியாசம் சின்னதாக வந்தால் பில்கவுன்டர் பக்கமே சாயலாம், மறுக்கவில்லை. பெரிதாக வந்தால் இரண்டு பாலிசிதான்.

#19 பில்கவுன்டர்

பேஸ் 5 போதாதுன்னுதான் இன்னமும் சொல்வேன், குறைஞ்சது 10. முதல் தட்டு கேஷ்லெஸ்லயே முடியணும். தீர்ந்த தொகையைத் திரும்ப நிரப்பற ‘ரெஸ்டோர்’ இருக்குன்னு 5-ல நிக்காதீங்க, சில பாலிசியில அதே வியாதிக்கு அதே வருஷம் ரெஸ்டோர் வேலை செய்யாது.

#20 தேனிக்காரன்

ரெண்டு பாலிசி எடுத்தா ரெண்டாவதுக்கு என்னென்ன பேப்பர் கொடுக்கணும்ணே?

#21 பில்கவுன்டர்

அட்மிட் ஆன உடனே ரெண்டு கம்பெனிக்கும் தகவல் சொல்லிடுங்க, பில் 5 லட்சத்தைத் தொடாதுன்னு தோணினாலும். டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் கம்பெனிகிட்ட செட்டில்மென்ட் லெட்டர் வாங்குங்க, எதுக்கு எவ்வளவு கொடுத்தான், எதை வெட்டினான்னு வரி வரியா இருக்கணும். ஒரிஜினல் பில்லெல்லாம் அவங்ககிட்ட போயிடும், அதனால சான்றளிச்ச நகல் வேணும். கூட டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், இம்பிளான்ட் ஸ்டிக்கர், நீங்க கட்டின ரசீது, கேன்சல் பண்ணின செக். ஸ்டிக்கரைத்தான் எல்லாரும் தொலைப்பாங்க, ஃபைல்ல ஒட்டியிருக்கான்னு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.