திருச்சி நாணயக் கண்காட்சிக்கு நண்பர்களோடு போகிறோம்: டெல்டா காசு எதை வாங்கலாம், தாத்தாவின் துப்பாக்கியை என்ன செய்யலாம்?

குத்தாலத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடக்கிறது. காசு மட்டும் இல்லை, பழைய நோட்டு, ஸ்டாம்பு, பித்தளைச் சாமான், கேமரா என்று எல்லா டேபிளும் இருக்குமாம். நாங்கள் நான்கு நண்பர்கள் மயிலாடுதுறையில் காலை ரயிலைப் பிடித்து வருகிறோம். சனிக்கிழமை முழுக்க கண்காட்சி, ராத்திரி தஞ்சாவூரில் நண்பனின் அக்கா வீட்டில் தங்கல், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை.

என்னிடம் இருப்பது தாத்தா விட்டுப்போன விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்களும், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நினைவு நாணயங்களும்தான். இனிமேல் கண்டதையும் வாங்காமல் நம் காவிரிக்கரையில் புழங்கிய காசுகளை மட்டும் சேர்க்க வேண்டும் என்று ஆசை. சோழர், நாயக்கர், தஞ்சை மராட்டியர், தரங்கம்பாடி டேனிஷ்காரர், நாகப்பட்டினம் டச்சுக்காரர் என்று இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் இத்தனை பேருடைய காசு புழங்கியிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குப் பெரிய சந்தோஷம். கையில் 5,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எதில் தொடங்கலாம்? டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா நான் வாங்கி வரப்போகும் செப்புக்காசையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா என்று கேட்கிறார்கள், தேய்க்கலாமா?

அப்புறம் இன்னொன்று. கூட வரும் நண்பனுக்குக் காசில் ஈடுபாடு இல்லை, பழைய துப்பாக்கி, வாள் என்றால் உயிர். அவன் தாத்தா வயலில் பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த, குழலின் வாய் வழியாக மருந்து இடிக்கிற பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. தாத்தா போன மாசியில் தவறிவிட்டார். துப்பாக்கியைக் கண்காட்சிக்கு எடுத்து வந்து யாரிடமாவது காட்டி மதிப்புக் கேட்கலாமா என்கிறான்.

அலங்கத்து வாசி:

தம்பி, முதலில் அம்மாவிடம் புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செப்புக்காசின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் ஏறியிருக்கும் அந்தக் கரும்பச்சைத் தோல்தான் அதற்குக் காவல். அதை எடுத்துவிட்டால் பளபளவென்று இருக்கும், சேகரிப்பவர் யாரும் தொட மாட்டார். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, நன்றாக உலர்த்தி வையுங்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் பெரிய எதிரி. வெளிர்பச்சையாக மாவு மாதிரி பூத்தால் அந்தக் காசைத் தனியே பிரித்துவிடுங்கள், டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

தொடங்குவதற்கு ராஜராஜன் செப்புக்காசை விட நல்லது எதுவும் இல்லை. ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரண நிலையில் உள்ளது சில நூறு ரூபாய்க்கே வரும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் நாகரியில் (இந்தி எழுதும் எழுத்தின் பழைய வடிவம்) ஸ்ரீ ராஜராஜ என்று இருக்கும். இதே அச்சு அமைப்பைப் பின்னால் இலங்கையில் விஜயபாகு, பராக்கிரமபாகு, ராணி லீலாவதி எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். டேபிளில் இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி 'சோழா காயின்' என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆகவே உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எழுத்தைப் படித்து வாங்குங்கள். போவதற்குள் ராஜராஜ என்ற எழுத்துகள் நாகரியில் எப்படி இருக்கும் என்று தாளில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலைதான். எழுத்து முழுசாக விழுந்த காசுக்கு ஐம்பது, நூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

டூப்ளிகேட் விஷயத்தில் விளிம்புதான் பேசும். அச்சடித்த காசில் விளிம்பு சீராக இருக்காது, சில இடத்தில் அடி தாங்காமல் வெடித்திருக்கும். அச்சில் வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு ராவிய தடம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலப் பொடிப் பொடிப் பள்ளங்கள், எழுத்தின் ஓரங்கள் கரைந்து உருண்டிருக்கும். என்னைக் கேட்டால் இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு: அதே தட்டில் இருக்கும் மற்ற காசுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நசுங்கல் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை, மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பச்சை நிறம் சந்தேகமாக இருந்தால் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாமா என்று டீலரிடம் கேளுங்கள். பூசின பச்சை பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நல்ல டீலர் சரி என்பார், முகம் மாறினால் அடுத்த டேபிளுக்குப் போங்கள்.

புலி, மீன், வில் போட்ட சோழர் வெள்ளிக்காசு முதல் வருடம் வேண்டாம். ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் அது தெரியும். ஆனால் அதற்குக் கண் பழக வேண்டும்.

தஞ்சை மராட்டியர் காசு என்று சொல்லி மகாராஷ்டிரத்துச் சிவராய் செம்பைத் தருவார்கள், அதில் ஸ்ரீ ராஜா சிவ, சத்ரபதி என்று நாகரியில் இருக்கும். நல்ல காசுதான், நம் காவிரிக்கரைக் காசு இல்லை.

பொறையாறு:

தரங்கம்பாடிக் காசுகளைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சமாசாரம். 1620இல் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு வந்த டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இங்கே இருந்தார்கள். ஆரம்பத்தில் அடித்தது ஈயக்காசு, பிறகு செம்பு. செப்புக்காசில் ஒரு பக்கம் கிரீடமும் அதன் கீழ் அரசனின் கூட்டெழுத்தும் (பெயரெழுத்தைப் பின்னிய முத்திரை) இருக்கும். டேனிஷ் அரசர்கள் கிறிஸ்டியன், ஃபிரடெரிக் என்று மாறி மாறி வந்ததால் எழுத்தையும் எண்ணையும் பார்த்தாலே எந்த அரசன் என்று தெரிந்துவிடும். ஏழாம் கிறிஸ்டியன், ஆறாம் ஃபிரடெரிக் காலத்து 'நான்கு காசு' மதிப்புள்ள நாணயம் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும், அதில் ஒன்று எடுங்கள். ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும், அதனால் லென்ஸ் இல்லாமல் போகவே கூடாது.

ஈயக்காசு வாங்கினால் மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில வாடையில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து பொடிந்துவிடும். மலிவான பிவிசி கவரும் வேண்டாம், செம்பில் பச்சைப் பிசினாக ஒட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடற்கரையிலும் ஆற்று மணலிலும் கிடைத்தது என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுபவர்களிடம் வாங்காதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் காசின் வரலாற்றில் பாதி போச்சு. இது எனக்கு மனசு வலிக்கிற விஷயம். பில் தருகிற டீலரிடம் வாங்குங்கள்.

நாகப்பட்டினம் டச்சு என்று கேட்டால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூட்டெழுத்து போட்ட பெரிய செப்புக்காசைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் பெரும்பாலும் ஹாலந்திலேயே அடித்து ஜாவா பக்கம் அனுப்பியவை. தமிழில் ஊர்ப் பெயர் போட்ட சின்னக் காசுதான் நம்முடையது, அது வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள்.

வெட்டாறு:

துப்பாக்கி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், எங்கள் வீட்டிலும் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்து வருவது வழக்கம்.

நண்பரிடம் சொல்லுங்கள், அதைக் கண்காட்சிக்கு எடுத்து வரவே கூடாது. ரயிலில் எடுத்து வருவது இன்னும் மோசம். லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது, அவர் போனதோடு அந்த லைசென்ஸும் போய்விட்டது. இப்போது அது வீட்டில் இருப்பதே சட்டப்படி தவறு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதம் செய்யாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மாசியில் தவறினார் என்றால் ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது, கண்காட்சிக்கு முன்னாலேயே இந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே போகாமல், முதலில் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைப்பது நல்லது. உள்ளே பழைய மருந்து இடித்தபடியே இருக்கலாம், குழலுக்குள் குச்சி விட்டுப் பார்ப்பது, குதிரையைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். மருந்து உள்ளே இருக்கலாம் என்பதையும் ஸ்டேஷனில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாரிசுக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 2016ஆம் வருட ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பழங்காலத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்கு மட்டும். அது சுடுமா சுடாதா என்று நாமே முடிவு செய்துகொள்ள முடியாது.

குத்தாலத்துக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நண்பனிடம் உடனே பேசிவிட்டேன், நாளைக்கே அவன் அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போகிறான். துப்பாக்கி கண்காட்சிக்கு வராது என்றதும் அவனுக்கு வருவதில் பாதி ஆர்வம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்காக எங்காவது போக முடியுமா? அப்புறம் வெள்ளி ரூபாயும் பார்க்கலாமா?

அலங்கத்து வாசி:

ராத்திரி தஞ்சாவூரில்தானே தங்கல்? ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் எங்கள் கீழ அலங்கத்துப் பீரங்கி மேட்டுக்கு அழைத்து வாருங்கள். நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, சுமார் 25 அடி நீளம், எடை 22 டன் அளவுக்கு இருக்கும். வார்த்தது இல்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் சேர்த்து, அதன் மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஒன்றோடு ஒன்று அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வரி வரியாகத் தெரியும். இத்தனை மழைக்கும் துரு தின்னாமல் நிற்கிறது. உலகத்திலேயே இந்த முறையில் செய்த பெரிய பீரங்கிகளில் இதுவும் ஒன்று, நம் ஊர்க் கொல்லர்களின் வேலை. டிக்கெட் எதுவும் கிடையாது. சாயங்காலம் திரும்பும்போது நேரம் இருந்தால் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கும் போங்கள், அங்கேயும் பீரங்கிகள் உண்டு.

வெள்ளி ரூபாய்க்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் காந்தமும் போதும். 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும், ஒரு கிராம் குறைந்தால் வைத்துவிடுங்கள். 1940இலிருந்து வெள்ளி பாதிதான். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று நீட்டினால் கையிலேயே வாங்காதீர்கள், கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அதையும் இரிடியத்தையும் சொல்லி நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பொறையாறு:

காசு மீதி இருந்தால் 2010இல் பெரிய கோவில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் எடுத்துவிடுங்கள். ராஜராஜன் செப்புக்காசுக்குப் பக்கத்தில் ஆல்பத்தில் வைக்கலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் டேபிள் கட்டுகிற நேரத்தில் விலை இறங்கும், ஆனால் நல்ல காசு சனி காலையிலேயே போய்விடும். ஆகவே உங்கள் திட்டம் சரிதான், சனிக்கிழமையே முதல் ஆளாகப் போய்விடுங்கள்.