மிக்ஸியில அரைச்சா மாவு சூடாகுமா, ஆகாதா?

கொங்குத்தம்பி:
பக்கத்து விவாதத் திரியில ஒருத்தர் "கிரைண்டர் இடத்தை அடைக்கிற பழைய சாமான், 750 வாட்ஸ் மிக்ஸி இருந்தா இட்லிக்குப் போதும்"னு அடிச்சு விட்டிருக்கார். ஜார்ல பிளேடு நிமிஷத்துக்கு 18,000 சுத்து ஓடுது. மாவு சூடாகும். மாவைப் பொங்க வைக்கிற லியூகோனோஸ்டாக் பாக்டீரியா சூட்டுல அடிபடும். அப்புறம் சோடா உப்புதான் கதி.

மோட்டார்மணி:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 18,000 வெறும் ஜார்ல. மாவு விழுந்தா வேகம் இறங்கிடும். 30 செகண்ட் ஓட்டி நிறுத்தணும், ஐஸ் தண்ணி ஊத்தணும். விடாம ஓட்டினா அடியில இருக்கிற ஓவர்லோட் சுவிட்சே விழுந்துடும்.

கொங்குத்தம்பி:
கணக்குப் பாருங்க. 750ல பாதி மாவுக்குள்ள இறங்கினாலே 3 நிமிஷத்துல 67 கிலோஜூல். 700 கிராம் உளுந்து மாவு சுமார் 25 டிகிரி ஏறும். 30ல இருந்தது 55. சூடாகும்னா சூடாகும்.

மோட்டார்மணி:
100 கிராம் ஐஸ் உருகவே 33 கிலோஜூல் இழுத்துக்கும். பாதி போச்சு. உங்க கிரைண்டர் 150 வாட்ஸ்ல 30 நிமிஷம் ஓடுதே, 270 கிலோஜூல். அதை ஏன் மறைச்சீங்க?

கொங்குத்தம்பி:
அதுல பெரும்பங்கு மோட்டார்லயும் பெல்ட்லயும் போயிடும். மிச்சம் திறந்த டிரம்ல அரை மணி நேரம் பரவி ஆறும், கல்லும் வாங்கிக்கும். மூடின ஜார்ல எங்கே போகும்?

மோட்டார்மணி:
மிக்ஸின்னா பாதி மாவுக்கு, கிரைண்டர்னா எல்லாம் மோட்டாருக்கா? நல்ல நியாயம்ங்க.

வளர்மதி:
சூட்டை விடுங்கப்பா. உளுந்துல காத்து நிக்கணும். கல்லு நசுக்கினாதான் அந்த வழவழப்பு முழுசா வெளிய வந்து காத்தைப் பிடிக்கும். தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு 20, 25 நிமிஷம் ஆட்டணும். ஒரு துளி தண்ணில போட்டா மிதக்கணும். அரிசியை மட்டும் மிக்ஸியில ரவைப் பதத்துக்கு அடிச்சுக்கலாம்.

கொங்குத்தம்பி:
காத்தெல்லாம் அப்புறம்க்கா, சூடுதான் முதல் பிரச்சினை. 1955ல கோயம்புத்தூர்ல சபாபதி இந்தக் கிரைண்டரைக் கொண்டு வந்தார். புவிசார் குறியீடே வாங்கின சாமான். அதைப் பழசுன்னு சொல்ல ஒரு தகுதி வேணும்.

மோட்டார்மணி:
ஆரம்பிச்சாச்சு ஊர்ப் பெருமை! உருளைக்கல் அச்சுல சுத்துறதுக்கு உள்ள போடுற வளையம், அந்த புஷ் தேஞ்சா மாவுல கறுப்பா இறங்குமே, அதுக்கும் குறியீடு உண்டா?

கொங்குத்தம்பி:
டெஃப்லான் புஷ்ஷை நேரத்துக்கு மாத்தாதவன் குத்தம் அது. போன மாசம் பெல்ட் திரியிலயும் இப்படித்தான் பாதியில ஓடினீங்க.

நீலமலை:
ஊட்டியில டிசம்பர்ல மாவு புளிக்கவே புளிக்காது. இங்க வெதுவெதுப்பா இருந்தா நல்லதுதானே?

வளர்மதி:
உப்பை முன்னாடியே போட்டுக் கையால கலந்து வைங்க.

நீலமலை:
குளிர்ல உப்பு பின்னாடிதான் போடணும்.

வளர்மதி:
யார் சொன்னது? முன்னாடி போட்டாலும் பொங்கும்.

கொங்குத்தம்பி:
உப்புக்குத் தனித் திரி போடுங்க. மணி, 55 டிகிரிக்குப் பதில் இன்னும் வரல.

மோட்டார்மணி:
270க்கு வந்துச்சா?