ஆர்த்தோபீடிக்கில் இருக்கும் 'பீடி' காலா, குழந்தையா?

முல்லைப்பந்தல் கேட்டது:

அத்தையை மாதம் ஒருமுறை மூட்டுவலிக்காக அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பலகையைப் படிப்பதுதான் வேலை. மேலே 'முடநீக்கியல் துறை', கீழே ஆங்கிலத்தில் ஆர்த்தோபீடிக்ஸ்.

பெடல், பெடிக்யூர் மாதிரி இதுவும் காலைத்தான் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் தோள்பட்டை இறங்கினவர் ஏன் அங்கே வருகிறார்? பத்தாவது படிக்கும் என் மகளோ, "பீடியாட்ரிக்ஸ்னா குழந்தை வைத்தியம்தானே, அப்ப இதுவும் குழந்தைதான்" என்கிறாள். அந்த வராந்தாவில் ஐம்பதுக்குக் கீழே இருப்பவள் நான் ஒருத்திதான்! மாமாவைக் கேட்டால், அவருக்குத் தெரிந்த பீடி ஒன்றே ஒன்று.

இன்னொன்று. டாக்டர் மேஜையில் ஒரு டைரி. அட்டையில் வளைந்த மரத்தைக் கம்போடு சேர்த்துக் கயிறு சுற்றிக் கட்டின படம். வனத்துறை கொடுத்த டைரியோ?

மாவுக்கட்டு சொன்னது:

மகளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். குழந்தைதான்.

நான் முப்பது வருடம் மாவுக்கட்டுப் போட்ட ஆள். எங்கள் வார்டிலும் பாதிப் பேர் காலென்றுதான் நினைத்திருந்தார்கள். பெடலில் இருப்பது லத்தீன் மொழியின் கால். இதில் இருப்பது கிரேக்கம். 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, 'பைடியோன்' என்றால் சிறுபிள்ளை. பிரிட்டிஷ்காரர்கள் 'பீ'க்கு நடுவில் ஒரு ஏ எழுத்தையும் விடாமல் எழுதுவதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்கர்கள் அதை எடுத்துவிட்டார்கள். கால் போலக் குழப்புவது அதனால்தான். ஆனால் 1933இல் தொடங்கிய அவர்களுடைய எலும்பு டாக்டர்கள் சங்கம் மட்டும் தன் பெயரில் அந்த ஏ-யை இன்னும் வைத்திருக்கிறது.

இந்தச் சொல் தானாக முளைத்ததில்லை, ஒருவர் உட்கார்ந்து செய்தது. நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், 1741இல், எண்பது வயதுக்கு மேல் எழுதிய புத்தகத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். எந்த இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினேன் என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சை செய்பவர்களுக்காக எழுதியதும் இல்லை. அப்பா அம்மாவுக்காக எழுதியது. பிள்ளையின் முதுகு, கால், கழுத்து கோணாமல் பார்த்துக்கொள்வது எப்படி, கோணினால் வீட்டிலேயே நிமிர்த்துவது எப்படி என்பதுதான் விஷயம். அதற்கு முன் அவர் பிரபலமானது வயிற்றுப் புழுக்களைப் பற்றி எழுதி! புழுக்காரர் என்றே அவரைக் கேலி செய்தார்கள்.

நீங்கள் பார்த்த மரமும் அந்தப் புத்தகத்துப் படம்தான். பிள்ளையின் வளைந்த காலில் இரும்புத் தகடு வைத்துக் கட்டுவதை, கோணலாக வளரும் இளமரத்தை நிமிர்த்துவதோடு ஒப்பிடுகிறார். எலும்பு மருத்துவர் சங்கங்கள் பல அதையே சின்னமாக வைத்துக்கொண்டன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நமக்குப் புதிதா என்ன!

மேற்கூரை சொன்னது:

சரி, குழந்தையை வைத்து ஆரம்பித்த துறையில் அத்தைமார் எப்படி வந்தார்கள்? புத்தூர் கட்டு மாதிரி எலும்பு ஒட்டவைப்பது தனி வைத்தியம் இல்லையா?

மாவுக்கட்டு சொன்னது:

புத்தூர் என்றீர்களே, பிரிட்டனிலும் அப்படித்தான். ஹ்யூ ஓவன் தாமஸ் என்பவர் வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்புக்கட்டு போட்ட குடும்பத்துப் பிள்ளை. முறையாக மருத்துவம் படித்து லிவர்பூலில் தொழில் செய்தார். அவர் மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ் அவரிடம்தான் வேலை கற்றார். பிறகு முதல் உலகப் போர். குண்டடிபட்டுத் தொடை எலும்பு நொறுங்கிய சிப்பாய்களுக்கு, தாமஸ் செய்த இரும்பு வளையச் சட்டத்தை ஜோன்ஸ் போடவைத்தார். பிள்ளைகளின் கோணலோடு பெரியவர்களின் முறிவும் இந்தத் துறைக்குள் வேரூன்றியது அந்தக் காலத்தில். 'தாமஸ் ஸ்பிளின்ட்' எங்கள் வார்டு மூலையிலும் சாய்ந்து கிடக்கும், துருப்பிடித்து.

கருவேலன் சொன்னது:

எனக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம். பள்ளிக்கூடத்தில் 'முடம்' என்பதுதான் என் பெயர். மாற்றுத்திறனாளி என்று அரசாங்கமே மாற்றிச் சொல்லும்போது, ஆஸ்பத்திரிப் பலகையில் மட்டும் அது எதற்கு? ஆந்த்ரி சொன்ன அர்த்தத்துக்கு முடநீக்கியல் எலும்பியலைவிடப் பக்கத்தில் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பலகைக்குக் கீழே என்னால் உட்கார முடியாது.

பனங்கூடல் சொன்னது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் என்றுதான் சொல்லுவினம். குறளில் வருகிற அதே என்புதான். முடம் இல்லை, பிள்ளையும் இல்லை.

முல்லைப்பந்தல் சொன்னது:

கருவேலன் அண்ணா, பலகையை நான் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை. மன்னிக்கணும்.

எல்லாவற்றையும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். மரம் கட்டின கதையை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். முட்டியில் மாட்டியிருக்கும் பட்டையைத் தடவிக்கொண்டே, "கட்டினது சரி, எப்ப அவுப்பாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லு" என்றார்.