தெர்மோஸ்டாட் மாற்றத் திறந்தேன், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை

ஏற்காட்டுக்காரன்:
பழைய பெட்ரோல் கார், இரண்டாம் கையாக வாங்கியது. மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழே நிற்கும். இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவில் நாலைத் தாண்டுவதற்குள் அடிமட்டத்துக்குப் போய்விடும். காலையில் ஹீட்டர் போட்டால் குளிர்காற்றுதான், மகள் போர்வையோடு பள்ளிக்கு வருகிறாள். மைலேஜும் 17-லிருந்து 14. சரி, இன்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வு, அதாவது தெர்மோஸ்டாட், திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று புதுசு வாங்கி, நேற்று அதன் கூட்டை (ஹவுசிங்) கழற்றினால் உள்ளே காலி! ஒழுகாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிகான் பசை அப்பியிருக்கிறது, சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு. இல்லாமலே ஓடியதே, அப்படியே விடலாமா? போடுவதென்றால் ஸ்பிரிங் எந்தப் பக்கம்?

அடிவாரம்:
விடாதீங்க தம்பி. எப்போதோ வண்டி சூடாகியிருக்கும், காரணம் தேடாமல் இதைப் பிடுங்கிவிட்டார்கள். ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு’ என்பது பட்டறைகளில் பழைய பாட்டு. அது இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சி என்று நினைத்து ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டி விடும்.
ஸ்பிரிங் இன்ஜின் பக்கம். அந்தப் பக்கத்துக் குமிழுக்குள் இருக்கும் மெழுகு அந்தச் சூட்டில் உருகி விரிந்துதான் வால்வைத் தள்ளும். விளிம்பில் ஆடும் குட்டி ஊசி இருந்தால் அது மேலே வரட்டும், காற்று போக.
மாட்டும் முன் பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். மேலே 82, 88 என்று எண் இருக்கும், திறக்கத் தொடங்கும் சூடு அது. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் முழுதாகத் திறக்கவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க.

நாலு ரோடு:
அந்தப் பொருக்கு போர் தண்ணீரின் வேலை. பழைய சிலிகானை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் ஒழுகும். புது கேஸ்கெட், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. அப்புறம் வண்டி மூக்கை மேட்டுப்பக்கம் நிறுத்தி, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். குமிழி நின்றதும் மூடிவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை காத்திருங்கள். சூடான பிறகு மூடியில் கை வைக்கவே கூடாது.

ஏற்காட்டுக்காரன்:
கொதி வருவதற்குள் கால்வாசி திறந்தது அண்ணா, மாட்டிவிட்டேன். ஆனால் முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை! உடனே ஆஃப் செய்தேன்.

அடிவாரம்:
ஃபேன் ஓடாமல்தான் அன்று சூடாகியிருக்கும், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கியதன் காரணம் இப்போது புரிகிறதா? ஆறியதும் ஃபேன் ஃபியூஸ், கனெக்டர் இரண்டையும் பாருங்க.

ஏற்காட்டுக்காரன்:
கனெக்டர் பச்சைப் பூத்துக் கிடந்தது. தேய்த்துச் செருகியதும் ஃபேன் ஓடுகிறது. இன்று காலை அடிவாரம் வரை இறங்கினேன், முள் பாதியிலேயே நின்றது. மகள் பத்தாவது வளைவிலேயே போர்வையைப் பின்சீட்டில் போட்டுவிட்டாள்.