குழாய்த் தண்ணி இல்லாத ஊரில தொண்டர் தீயணைப்புக் குழு

வேலிக்கதியால்:
அமெரிக்கக் கிராமங்களின்ர தொண்டர் தீயணைப்புக் குழுக்களைப் பற்றி எங்கட சனசமூக நிலைய மலருக்கு எழுதுறன். பெஞ்சமின் பிராங்ளின் 1736இல பிலடெல்பியாவில ஒரு குழு தொடங்கினது தெரியும். ஆனால் அது பட்டணம். குழாய்த் தண்ணி இல்லாத கிராமத்தில என்ன செய்தவை? கிணறும் கிடுகு வேலியுமா இருக்கிற எங்களுக்கு அதில எடுக்க ஏதும் இருக்கோ?

ஏட்டுச்சுவடி:
பிராங்ளினை விட்டிடாதேங்கோ, குழுவின்ர அமைப்பு அங்கயிருந்துதான் வருது. உறுப்பினர் ஒவ்வொருத்தரும் தோல் வாளியும் சாமான் அள்ளப் பையும் வச்சிருக்கோணும். மாதக் கூட்டத்துக்கு வராட்டித் தண்டம். அந்தக் காசிலதான் இறைக்கிற எந்திரம், ஏணி, கொக்கை வாங்கினவை. (இங்க தண்டம் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஒருத்தரும் வராயினம்.)

1853இல சின்சினாட்டி நகரம் நீராவி எந்திரத்தோட சம்பளப் படை வச்சுது. கைப்பம்பை மாறி மாறி அமத்த நிறைய ஆள் வேணும், நீராவிக்குக் கொஞ்சப் பேர் காணும். வரிக்காசு பத்தாத கிராமங்கள் தொண்டர்களோடயே நிண்டுட்டுது. பிறகு விருந்து, கார்னிவல் எண்டு காசு சேர்த்து, பழைய பால் பவுசரையும் (தாங்கி லொறி) தண்ணி பவுசராக்கினவை.

புட்வால்வ்:
தண்ணிக் கணக்கு இல்லாமல் எழுதாதேங்கோ. வாளி வரிசை எண்டால் ஒரு வரிசையால நிறைவாளி போக, மற்றதால வெறுவாளி வரும். 10 லீற்றர் வாளி 5 செக்கனுக்கு ஒண்டு போனால் நிமிசத்துக்கு 120 லீற்றர். சிந்துறது போக 100 மிஞ்சினால் பெரிசு. பம்புக் குழாயின்ர முனையில பூட்டுற 12 மில்லிமீற்றர் நொசில் 2 பார் அமுக்கத்தில நிமிசத்துக்கு ஏறக்குறைய 130 லீற்றர் அடிக்கும். அளவு கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனால் வாளிக்காரர் நெருப்புக்குக் கிட்டப் போகோணும்.

கிராமக் குழுக்களின்ர கெட்டித்தனம் மடிக்கிற தொட்டி. பவுசர் தண்ணியை அதுக்குள்ள கொட்டிப்போட்டு உடன திரும்பும், பம்ப் தொட்டியில இருந்து இழுக்கும். எண்டாலும் 3000 லீற்றர் பவுசர் போய் நிரப்பி வர அரை மணி எடுத்தால் நிமிசத்துக்கு 100 லீற்றர்தான். அதுதான் பக்கத்து ஊர்ப் பவுசரையும் கூப்பிடுறது.

எங்களுக்குக் கிணறு கிட்ட இருக்கிறது பெரிய வாய்ப்பு. ரெண்டு அங்குலக் குழாய்ப் பெற்றோல் பம்ப் போதும். ஆனால் பத்தடி அகலக் கிணத்தில மேல சொன்ன நொசிலால அரை மணி அடிச்சால், ஊற்றைச் சேர்க்காமல் பாத்தால் தண்ணி ஒண்டே முக்கால் அடி இறங்கும். ஆவணியில புட்வால்வ் (கிணத்துக்குள்ள விடுற குழாயின்ர அடி வால்வு) காத்து இழுக்கிறது இதாலதான். அடியில இருந்து ஒரு அடி மேல வச்சு, கயிறு கட்டி ஒருத்தர் பாத்துக்கொண்டே நிக்கோணும். தண்ணி இல்லாமல் ஓடினால் சீல் கருகிப் போகும்.

20 அடிக்கு மேல ஆழமெண்டால் மேல வச்ச பம்ப் இழுக்கக் கஷ்டப்படும். அதுக்காகப் பெற்றோல் பம்பைக் கிணத்துக்குள்ள இறக்கவே கூடாது. காபன் மொனொக்சைட்டு மணக்காது. இறங்கினவரையும் தூக்கப் போனவரையும் சேர்த்துக் கொல்லும்.

சோழகம்:
ஏட்டுச்சுவடி அண்ணை சொன்ன கொக்கைதான் எங்கட வேலிக்கு முக்கியம். முதலில மாநகரசபைத் தீயணைப்புக்குச் சொல்லிப்போட்டு, கொக்கைத்தடியும் கத்தியும் எடுங்கோ. சோழகக் காத்தில நெருப்பு வேலியால ஓடும், எரியிற இடத்தில வாளித் தண்ணி வீண். காத்துப் போற பக்கம், நெருப்புக்கு முன்னுக்குப் போய், வரிச்சுக்கட்டை அறுத்துக் கிடுகை இழுத்து விழுத்துங்கோ. பத்தடியாவது வெளி வேணும். விழுத்தின ஓலையை அதிலயே விட்டால் நெருப்பு அதில ஏறித் தாண்டும். அப்பால இழுத்து நனைக்கோணும்.

மெயின் சுவிட்சை நிப்பாட்டினாலும் கம்பத்தில இருந்து வீட்டுக்கு வாற வயரில கரண்ட் இருக்கும். அந்தப் பக்கம் தண்ணி அடிக்காதேங்கோ.

வேலிக்கதியால்:
நன்றி. ஒண்டு கேக்கோணும். பம்ப் வாங்கி வச்சால் தேவைப்படேக்க ஸ்ராட் வராது எண்டு எங்கட தலைவர் சொல்லுறார்.

புட்வால்வ்:
பெற்றோலோட மாசக்கணக்கில விட்டால் வராதுதான், காபரேற்றரில பிசின் பிடிக்கும். ஓட்டி முடியேக்க பெற்றோல் வாற வால்வைப் பூட்டி, எஞ்சின் தானா நிக்கும்வரை விடுங்கோ. பெற்றோலை வேற கானில வச்சு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கால் மாத்துங்கோ. கிழமைக்கு ஒருக்கால், புட்வால்வைக் கிணத்தில போட்டு, பம்புக்குள்ள தண்ணி நிரப்பி அஞ்சு நிமிசம் ஓட்டோணும். தலைவரையே ஸ்ராட் கயிறு இழுக்கச் சொல்லுங்கோ.